மலை இறங்கியதும் காரில் கருகல் வாடை: கோளாறு வண்டியிலா, ஓட்டுபவரின் காலிலா?

ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை என எந்த மலையிலிருந்து இறங்கினாலும், விடுமுறை நாட்களில் அடிவாரத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஓரங்கட்டிய கார், திறந்து கிடக்கும் பானெட், மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் குடும்பம். "என்னமோ கருகுற வாடை வருதே, கிளட்ச் போயிடுச்சா?" என்பார் ஒருவர். "மலை இறங்கினா அப்படித்தான். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்பார் இன்னொருவர்.

வாடை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால், அது ஏன் வந்தது என்று யோசிக்காமல் கிளம்பினால், அடுத்த மலையில் பிரேக் கைவிடலாம்.

மூக்கு சொல்லும் கணக்கு

எளிதான ஒரு கணக்கு உண்டு. மலை ஏறும்போது கருகல் வாடை வந்தால் முதலில் கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும். இறங்கும்போது வந்தால் பிரேக்கை.

ஏற்றத்தில் முன்னால் போகும் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தபடி, கிளட்சைப் பாதி மிதித்தே வண்டியைப் பிடித்து வைப்பவர்கள் அதிகம். அந்த ஹாஃப் கிளட்சில் தட்டு உரசி உரசிச் சூடேறும். சின்னக் காரானாலும் ஆட்களோடும் சாமான்களோடும் ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும். இறக்கத்தில் அத்தனை எடையின் வேகத்தையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ஆற நேரமே கிடைக்காது.

சூடு தாங்காதபோது பிரேக் பேடின் பிடிப்பு குறையும். அதைவிட ஆபத்து, பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரநிலை. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். கொதித்தால் குமிழி உண்டாகும். பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. பிரேக் ஆயிலை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுபவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.

வாடை வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, வண்டியை கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, குறைந்தது 20, 30 நிமிடம் ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. அது வளையலாம், விரிசல் விடலாம். நான்கு சக்கரங்களுக்கும் அருகே, தொடாமல், புறங்கையைக் காட்டிப் பார்க்கலாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் பிடித்தபடியே சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். பின் சக்கரங்கள் இரண்டும் சுட்டால், ஹேண்ட் பிரேக்கை முழுசாக இறக்கினோமா என்று பார்க்க வேண்டும். ஆறிய பிறகும் பெடல் பஞ்சாக இருந்தால் மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

சமவெளியில் வரும் வாடைக்கு வேறு காரணங்கள் உண்டு. எண்ணெய் கருகிய வாடை என்றால், கசியும் இன்ஜின் ஆயில் சூடான புகைக்குழாயில் சொட்டலாம். இனிப்பு கலந்த வாடை என்றால் கூலன்ட் கசிவு. சாலையில் காயப்போட்ட வைக்கோல் மீது ஓட்டியிருந்தால், உடனே நிறுத்தி அடியில் குனிந்து பார்க்க வேண்டும். அச்சிலும் புகைக்குழாயிலும் சுற்றிய வைக்கோல் தீப்பிடிக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல் கார்களில் வடிகட்டியில் சேர்ந்த கரி தானாக எரியும்போதும் கருகல் வாடை வரலாம். அது கோளாறு அல்ல.

ஒயர் கருகும் வாடைக்கு மட்டும் பொறுமை கூடாது. உடனே இன்ஜினை அணைத்து எல்லோரும் இறங்க வேண்டும். புகை வந்தால் பானெட்டை அகலத் திறக்காமல், விலகி நின்று 112 அல்லது 101-ஐ அழைக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று 15 ஆம்பியர் இடத்தில் 30 போடுபவர்கள், ஃபியூஸுக்குப் பதிலாக ஒயரை எரியவிடுகிறார்கள்.

சட்டத்தில் இருக்கிறது, பயிற்சியில் இல்லை

மலை இறக்கத்தில் வரும் வாடைக்குப் பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்பில் தீர்வு இல்லை. பேடை மாற்றினாலும் காலின் பழக்கம் மாறாவிட்டால் மறுபடி கருகும். ஏறுவதற்கு எந்த கியரோ, இறங்குவதற்கும் அதே கியர் என்பது மலைப்பாதை டிரைவர்களின் பழைய பாடம். இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தி மிதித்து, உடனே விட்டால் போதும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் 'எல்' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்ற வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது உயிரைப் பணயம் வைக்கும் சிக்கனம்.

இறக்கத்தில் விரைவாகக் குறைந்த கியருக்கு மாற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 15-வது விதியே சொல்கிறது. ஆனால், சமதள மைதானத்தில் எட்டு போட்டு, ரிவர்ஸ் எடுத்துக் காட்டினால் இதை எப்படிச் சோதிக்க முடியும்? மலை இல்லாத ஊரில் ஒரு மேம்பாலத்தின் இறக்கமாவது இருக்கும். டிரைவிங் ஸ்கூல்கள் அங்கே அரை மணி நேரம் ஒதுக்கினால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை முதல்முறை இறங்குபவருக்கு அது உயிர் காக்கும் பாடமாக இருக்கும்.