அட்வான்ஸ் ரோட்டுக்கு... பாலன்ஸ் யாருக்கு?

வாடகை பாக்கியில் நசுங்கும் லாரிக்காரர்கள்

சென்னை மாதவரம் லாரி நிலையத்தில் இரண்டு லாரிக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வி, "பாலன்ஸ் வந்துச்சா?" என்பதுதான். வீட்டில் சவுக்கியமா என்பதெல்லாம் அப்புறம்!

லாரித் தொழிலில் வாடகை இரண்டு தவணையாக வரும். லோடு ஏறும்போது பெரும் பகுதியைக் கொடுப்பார்கள். அது அட்வான்ஸ். சரக்கை இறக்கி, கையெழுத்து வாங்கிய ரசீதைத் திருப்பிக் கொடுத்த பிறகு வருவது பாலன்ஸ்.

நடுவில் நிற்பவர் புக்கிங் புரோக்கர். சரக்கு வைத்திருக்கும் வியாபாரிக்கு லாரிக்காரரைத் தெரியாது. லாரிக்காரருக்கு வியாபாரியைத் தெரியாது. இரண்டு பேரையும் தெரிந்தவர் புரோக்கர் ஒருவர்தான்.

புரோக்கர் இல்லாமல் தொழில் நடக்குமா? நடக்காது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. நாக்பூரில் சரக்கை இறக்கிய வண்டி காலியாகத் திரும்பினால் டீசல் காசு முழுக்க நஷ்டம். அந்த ஊரில் திரும்பும் லோடு பிடித்துக் கொடுப்பது புரோக்கர்தான். அதற்குக் கமிஷன் வாங்குவது நியாயமான கூலி. அதில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை எல்லாம் பாலன்சில்தான்!

கணக்குப் போட்டால் தெரியும்

சென்னையிலிருந்து நாக்பூர் சுமார் 1,100 கிலோமீட்டர். வாடகை 50 ஆயிரம் ரூபாய், அட்வான்ஸ் 40 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம்.

பாரம் ஏற்றிய பத்துச் சக்கர லாரி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் 275 லிட்டர் டீசல் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 25,300 ரூபாய். டோல்கேட்டுக்கு 6 ஆயிரம், டிரைவர் படி 4 ஆயிரம், ஏற்றுகூலி, இறக்குகூலி, வழிச்செலவு எல்லாம் சேர்த்து 3 ஆயிரம் என்று போட்டால் 38,300 ஆகிவிடுகிறது.

அட்வான்சில் மிச்சம் 1,700 ரூபாய்! வழியில் ஒரு டயர் வெடித்தால் அதுவும் போச்சு.

அப்படியானால் லாரிக்காரர் குடும்பம் சாப்பிடுவது எதில்? மாதா மாதம் பைனான்ஸ் தவணை கட்டுவது எதில்? இன்சூரன்ஸ் கட்டுவது எதில்? எல்லாம் அந்தப் பாலன்ஸ் 10 ஆயிரத்தில்தான். அட்வான்ஸ் ரோட்டிலேயே கரைந்துவிடுகிறது. பாலன்ஸ்தான் சோறு. அதை நிறுத்தி வைப்பது சோற்றுத் தட்டை இழுப்பதற்குச் சமம்.

"ரசீது வரலை அண்ணே!"

பாக்கி கேட்டுப் போன் போட்டால் வரும் பதில்கள் தொழிலில் உள்ள எல்லாருக்கும் மனப்பாடம்.

"ரசீது இன்னும் கூரியர்ல வரலை அண்ணே." "பார்ட்டி பணம் போடலை அண்ணே, போட்டதும் முதல் பணம் உங்களுக்குத்தான்." "ரெண்டு மூட்டை குறையுதாம், கழிச்சுட்டுத்தான் தருவாங்களாம்."

மூட்டை குறைந்ததா, இல்லையா? பார்த்தவர் யார்? எண்ணியவர் யார்? கேட்கவே முடியாது. கேட்டால் அடுத்த லோடு கிடைக்காது. ஒரு புரோக்கர் பகைத்தால் அவருக்குத் தெரிந்த பத்துப் புரோக்கர்களும் போனை எடுக்க மாட்டார்கள்.

போலீசுக்குப் போனால், "இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டுக்குப் போ" என்பார்கள். 10 ஆயிரம் ரூபாய்க்காக வேறு மாநிலத்தில் கேஸ் போட்டு, வக்கீல் பீஸ் கொடுத்து, வாய்தாவுக்கு வாய்தா ரெயில் ஏறி அலைய யாரால் முடியும்? இந்தக் கணக்கு ஏமாற்றும் புரோக்கருக்கும் நன்றாகத் தெரியும்!

லாரியா, கிடங்கா?

இன்னொரு கொடுமை காத்துக்கிடப்பது. சரக்கோடு போன லாரியை மூன்று நாள், நான்கு நாள் இறக்காமல் போட்டுவிடுகிறார்கள். வியாபாரிக்கு அது சும்மா கிடைத்த கிடங்கு. டிரைவருக்குத் தினப்படி ஓடுகிறது. தவணைத் தேதி நெருங்குகிறது. ஹால்டிங் சார்ஜ் கேட்டால், "பேசும்போது அதைச் சொல்லலையே" என்று புரோக்கர் கைவிரிக்கிறார்.

உண்மைதான், சொல்லவில்லை. காரணம், எதையுமே யாரும் எழுதிக்கொள்ளவில்லை! லட்சக்கணக்கில் பெறுமான சரக்கு, அதைவிடப் பெறுமான வண்டி, எல்லாம் ஒரு போன் பேச்சில் கிளம்பிவிடுகிறது.

வாடகை கட்டுப்படியாகாதபோது கூடுதல் பாரம் ஏற்றச் சொல்லி வற்புறுத்துவதும் உண்டு. பிடிபட்டால்? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20 ஆயிரம் ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் குற்றவாளி என்கிறது சட்டம். ஆனால் செக்போஸ்டில் கைகட்டி நிற்பது டிரைவர். தண்டம் அழுவது வண்டிக்காரர். லோடு பேசியவர் ஆபீசில் பேன் காற்றில் இருக்கிறார்!

மறுபக்கமும் உண்டு

எல்லாப் பழியையும் புரோக்கர் தலையில் போடுவது தர்மம் அல்ல. வியாபாரி இரண்டு மாதம் கழித்துத் தரும் பணத்தை நம்பி, இன்றைக்கே கைப்பணத்தில் அட்வான்ஸ் கொடுக்கும் புரோக்கர்கள் உண்டு. வியாபாரி கை விரித்தால் அவர்களும் நடுத்தெருவுக்கு வருகிறார்கள்.

லாரிக்காரர்களிலும் சுத்தமில்லாதவர்கள் இருக்கிறார்கள். பேசி முடித்த லோடை விட்டுவிட்டு, ஆயிரம் ரூபாய் அதிகம் கிடைக்கிறது என்று வேறு ஷெட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. வழியில் சரக்கில் கை வைக்கும் டிரைவர்களும் உண்டு. அப்போது வியாபாரியிடம் பேச்சு வாங்குவது புரோக்கர்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். லாரிக்காரர் தப்பு செய்தால் பிடித்து வைக்கப் பாலன்ஸ் இருக்கிறது. புரோக்கர் தப்பு செய்தால் பிடித்து வைக்க லாரிக்காரர் கையில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை!

சட்டம் தூங்குகிறது

கேட்க நாதி இல்லை என்று நினைக்க வேண்டாம். சட்டம் இருக்கிறது. 1865-ம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டத்தை எடுத்துவிட்டு, 2007-ல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2011 மார்ச்சில் அது அமலுக்கு வந்தது. சரக்கு ஏற்றும் தொழில் செய்பவர் என்ற சொல்லுக்குள் புக்கிங் கம்பெனி, ஏஜெண்டு, புரோக்கர் எல்லாரையும் அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. பதிவு செய்யாமல் தொழில் நடத்தக் கூடாது என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-வது பிரிவும் சரக்கு ஏஜெண்டுக்கு லைசென்ஸ் வேண்டும் என்கிறது.

மேஜை, நாற்காலி, இரண்டு செல்போன், ஒரு போர்டு. இவ்வளவு இருந்தால் இன்று புரோக்கர் ஆகிவிடலாம். பாக்கி ஏறியதும் போர்டைக் கழற்றி வேறு தெருவில் வேறு பெயரில் மாட்டினால் யார் கேட்பது? ஒவ்வொரு ஷெட்டாகப் போய், "பதிவு எண்ணைக் காட்டு" என்று போக்குவரத்து அதிகாரிகள் கேட்டால் போலிகள் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள். நேர்மையான புரோக்கர்களுக்கும் அது நல்லதுதானே!

இன்னொரு வழியும் இருக்கிறது. 2006-ம் வருடத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சிறு தொழில் செய்பவருக்குத் தரவேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் பாங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. சேவைத் தொழிலுக்கும் இது பொருந்தும். ஒற்றை லாரி வைத்திருப்பவரும் உத்யம் பதிவு செய்துகொண்டு முறையிடலாம். அதைச் சங்கங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாமா?

ஒரு சீட்டு போதும்

2018 ஜூலையில் நாடு முழுவதும் எட்டு நாள் லாரிகள் நின்றன. டீசல் விலை, டோல்கேட், இன்சூரன்ஸ் கட்டணம் ஆகியவைதான் முன்னால் நின்ற கோரிக்கைகள். நியாயமானவைதான். ஆனால் டீசல் விலை டெல்லி கையில் இருக்கிறது. பாலன்ஸ் இந்த ஊர் ஷெட்டுகளிலேயே இருக்கிறது!

லோடு ஏறும் முன் ஒரு சீட்டு. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, பாலன்ஸ் எந்தத் தேதியில், எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஹால்டிங், மூட்டை குறைந்தால் எண்ணுவது யார், இந்த ஐந்தும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். செல்போனில் படமாக அனுப்பினாலும் சரி. சீட்டு இல்லாமல் வண்டி எடுப்பதில்லை என்று சங்கங்கள் ஒரே குரலில் சொல்ல வேண்டும்.

ஒருவர் மட்டும் சொன்னால் லோடு கைமாறிவிடும். ஊரே சொன்னால் புரோக்கர் எங்கே போவார்?

சங்கங்கள் சொல்லுமா? போக்குவரத்து அதிகாரிகள் ஷெட்டுகளை எட்டிப் பார்ப்பார்களா?