தோட்டத்தை அடகு வைக்கும் முன்



பிள்ளைகளின் கல்லூரிச் செலவு பெற்றோர் பொறுப்பா என்று சிலர் கேட்கிறார்கள். விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டக் கூலிக்குக் குமுளி போகும் கம்பம் பக்கத்துத் தாய்மார்களிடம் யாராவது அதைக் கேட்டுப் பார்க்கட்டும்! முடிந்ததைக் கொடுப்பது சரி; கடனாளியாவது சரியில்லை. அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் 2021 முதல் கட்டணம், விடுதிச் செலவு அரசுடையது. மாணவிகளுக்கான 'புதுமைப் பெண்', மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. போடியிலேயே அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காகத் திராட்சைத் தோட்டத்தை அடகு வைப்பவர்கள் உண்டு. சொந்தபந்தம் என்ன சொல்லும் என்ற கௌரவம்தான், வேறென்ன? கல்விக் கடன் வாங்கினாலும் பெற்றோர் கூட்டுக் கையெழுத்து போட்டாக வேண்டும்; அந்தச் சுமையும் வீட்டுக்குத்தான். ஆகவே பிளஸ் 2 படிக்கும்போதே வீட்டு வரவு செலவைப் பிள்ளையிடம் காட்டிப் பேசிவிடுவது நல்லது.

— வாசகர், சின்னமனூர்