மூலைக்கல் இல்லாத காணி

ஊவாவில் காணிப் பத்திரங்கள் வழங்கும் விழாக்களைக் கண்டு வருகிறோம். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில் தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்களை நாட்டின் ஜனாதிபதியே வழங்கினார். மகிழ்ச்சிக்குரிய செய்திதான், குறை கூறுவதற்கில்லை. ஆயின் இத்தகைய மேடைகளிலிருந்து பத்திரத்தோடு இறங்கி வருவோரிடம் நாம் ஒன்றை வினவ விரும்புகிறோம். அப்பத்திரம் குறிக்கும் நிலத்தின் நான்கு மூலைகளும் எங்கே இருக்கின்றன? அவற்றில் நடப்பட்ட கற்களை நீங்கள் கண்ணால் கண்டீர்களா?

இவ்வினா தோட்டக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று. பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஹல்துமுல்லைப் பகுதிகளில் தோட்ட எல்லையை ஒட்டி அரை ஏக்கர், ஓர் ஏக்கர் எனச் சிறு காட்டுத் துண்டுகளை உடையோர்க்கும் உரியது. நாலு யூக்கலிப்டஸ், இரண்டு பலா, அவற்றின்மேல் படர்ந்த மிளகுக்கொடி. பாட்டன் வாங்கியது, தந்தை காத்தது. மகனுக்கு உறுதி தெரியும், காணி தெரியாது. மரம் வெட்டும் நாளில்தான் அயலான் வந்து, “இந்தப் பலா என்னுடையது” என்கிறான். பலாவை வெட்ட அனுமதி கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனால், முதற்கண் எழும் கேள்வியும் அது யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதே.

எல்லையைக் காட்ட இயலாதவன் நிலத்தை இழந்த வரலாறு ஊவாவுக்குப் புதிதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரின்றியும் கிடந்த நிலங்களையெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று கொண்டது. பழைய கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டு, தோம்புப் பதிவு இல்லாதிருந்த பகுதிகளின் சேனை நிலங்களுக்கோ விதி இன்னும் கடுமையானது. அரசன் அளித்த சன்னஸ் இருந்தால் மட்டும் போதாது. நிலத்தின் எல்லைகளுக்கும் திருப்தியான சான்று வேண்டும். இல்லையேல் இருபது ஆண்டுகளுக்குள் வழமையான வரியோ சேவையோ செலுத்தியமையைக் காட்ட வேண்டும். ஓடைக்கு இப்பால், பாறைக்கு அப்பால் என்று தலைமுறை தலைமுறையாக வாயால் சொல்லி வந்த கிராமத்தான் அந்தச் சான்றுக்கு எங்கே போவான்? அவன் ஆண்ட காடு கோப்பித் தோட்டமாயிற்று. பின்னர் தேயிலைத் தோட்டமாயிற்று. அவ்வாறு இழந்தோர் பெரும்பாலும் சிங்களக் கிராம மக்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்நிலத்தைத் தம் உழைப்பால் பொன் விளையும் பூமியாக்கிய நம்மவர்க்கும் அதில் ஓர் அடி மண் உரிமையாகவில்லை. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசிடம் சேர்த்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போயிற்று. லயத்தில் இருந்தவன் லயத்திலேயே இருந்தான். தோட்ட எல்லைகள் மட்டும் அன்று முதல் கல்லும் வரைபடமுமாகத் துல்லியமாக இருந்து வருகின்றன. பெரியவனின் எல்லைக்கு நில அளவையாளர் வந்தார். சிறியவனின் எல்லைக்கு வேலிக்கதிகால்தான் வந்தது.

இனி, கல்லைத் தேடுவோர்க்குச் சில கூறுவோம். கத்தியோடு காட்டுக்குள் புகுமுன் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். உறுதியின் அட்டவணையில் நாற்புறத்து எல்லைகளும், பரப்பும், வரைபட இலக்கமும், துண்டு இலக்கமும் எழுதப்பட்டிருக்கும். அவ்விலக்கத்தைக் கொண்டு வரைபடத்தின் பிரதியைத் தேடிப் பெறலாம். அரசாங்க வரைபடமாயின் நில அளவைத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். 1800ஆம் ஆண்டில் தோன்றிய திணைக்களம் அது. பக்கத்துத் தோட்டத்தின் வரைபடத்தையும் பார்ப்பது நன்று. நம் காணியின் மேற்கு எல்லை தோட்டத்தின் கிழக்கு எல்லையாக இருக்குமாயின், அவர்களுடைய கல்லே நமக்கும் கல். அசையாத இரண்டு கற்கள் அகப்பட்டால் எஞ்சிய மூலைகளை அவற்றிலிருந்து கணித்துவிடலாம். நட்ட இடத்தை விட்டு நகராத கல்லும், அளவு எண்ணும், மொத்தப் பரப்பும் ஒன்றோடொன்று முரண்படுமிடத்துக் கல்லுக்கே முதலிடம். பரப்புக்குக் கடைசி இடம். உறுதியில் அரை ஏக்கர் என்று எழுதியிருக்கிறதே என்று வாதிடுவோர் இதை மனத்திற் கொள்ள வேண்டும்.

மலைநாட்டு விவசாயி பெரிதும் ஏமாறும் இடம் வேறொன்று உண்டு. வரைபடத்தில் காணும் நீளம் சரிவின்மேல் அளந்த நீளம் அன்று; மட்டமாக அளந்த நீளம். 2 றூட், அதாவது அரை ஏக்கர் கொண்ட ஒரு காட்டுத் துண்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 198 அடி, அகலம் 110 அடி. பழைய அளவையில் 198 அடி என்பது சரியாக 3 சங்கிலி. நீளப்பக்கம் 30 பாகைச் சரிவில் கீழிறங்குகிறது. நமுனுகுல அடிவாரத்தில் இத்தகைய சரிவைத் தேடி அலைய வேண்டியதில்லை. மேல் மூலையிலிருந்து நாடாவை நிலத்தோடு நிலமாக இழுத்து 198 அடியில் ஒருவர் கம்பை நடுகிறார். மட்டத்தில் அது 171½ அடிதான். மெய்யான மூலை அதற்கும் கீழே, சரிவின் வழியே 228½ அடித் தொலைவில், புதருக்குள் கிடக்கிறது. அவர் தம் கையாலேயே விட்டுக்கொடுத்த நிலம் ஏறத்தாழ 10½ பேர்ச். தோட்டத்தில் ஒரு குடும்பம் வீடு கட்ட 7 பேர்ச் நிலத்துக்கு எத்தனை ஆண்டு போராடிற்று என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்விழப்பின் அளவு விளங்கும். கற்றோர் சிலர் கைபேசியை நீட்டி மூலையைக் கண்டுவிட்டதாகக் கூறுகின்றனர். மரநிழலில் அக்கருவி பல மீற்றர் பிழைபடும். 7 பேர்ச் நிலத்தின் ஒரு பக்கமே ஏறக்குறைய 13 மீற்றர்தான்! கல் இருக்கும் திசைக்கு வழிகாட்ட அது உதவும். எல்லையை நிறுவ உதவாது.

வேலியை எல்லையென்று நம்புவதும் தவறு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வசதி பார்த்துக் கட்டிய வேலிகளே மிகுதி. ஆனால் அயலான் அவ்வேலிக்குள் தனக்கே உரியதெனப் பத்தாண்டு தடையின்றி ஆண்டுவிட்டால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமை கோர அவனுக்கு வழி பிறக்கிறது. லயத்து மக்களின் நிலையோ இதற்கு நேர்மாறானது. தோட்டத்தின் இசைவோடு குடியிருப்பவர் என்று சட்டம் அவர்களைக் கொள்வதால், நூறாண்டு வாழ்ந்தாலும் அவ்வாழ்வு உரிமையாக முதிர்வதில்லை. ஆகவே காட்டுத் துண்டை உடையவர் பத்தாண்டு கழியுமுன் எல்லையைக் காண வேண்டும். தோட்டத்தில் வாழ்பவர் பத்திரம் பெறும் அன்றே காண வேண்டும்.

கல் நட்டாலும் மலை அதை விட்டுவைக்குமா என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வி. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே விழுங்கிற்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் பதுளை மாவட்டம் பட்ட துயரை இங்கு விரிக்க வேண்டியதில்லை. உயிர் போன இடத்தில் கல்லைப் பற்றிப் பேசுவதா என்று தோன்றலாம். எனினும் எஞ்சியோர் திரும்பி வந்து தம் துண்டு எதுவென்று கேட்கும்போது, ஓடை திசை மாறியிருக்கும். பலா மரம் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். கல் பள்ளத்தில் கிடக்கும். அப்போது உதவுவது ஆள்கூறு ஒன்றுதான். பிதுருதலாகலை மலையை மூலமாகக் கொண்டு இத்தீவு முழுவதற்கும் கணிக்கப்பட்ட ஆள்கூற்று வலை நம்மிடம் உண்டு. ஒவ்வொரு மூலைக்கும் அதன் எண்ணைக் குறித்து வைத்தால், மண் மூடிய இடத்திலும் அதே மூலையை மீண்டும் குறிக்கலாம். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின்கீழ், ‘பிம் சவிய’ என்ற பெயரால், துண்டு துண்டாக அளந்து வரைபடமிடும் பணியை அரசு மேற்கொண்டுள்ளது. அப்பணி தோட்டத்து 7 பேர்ச், 10 பேர்ச் நிலங்களுக்கும், தோட்ட ஓரத்துச் சிறு காணிகளுக்கும் முந்தி வர வேண்டும் என்பது நம் கோரிக்கை. சரிவு எங்கு மிகுதியோ அங்கிருந்து தொடங்கட்டும்.

வரைபடம் தமிழிலும் வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள் என அறிவிக்கப்பட்டுள்ளன. தன் காணியின் வடக்கெல்லை யாதென்பதை அறிய ஒருவன் மொழிபெயர்ப்பாளனுக்குக் காசு கொடுப்பது அவ்வறிவிப்புக்கு அழகன்று.

நம் பங்கு வேலையும் உண்டு. மலைக்கு மலை எல்லையைக் கால்பழக்கத்தால் அறிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களை அயலாரோடு கூட்டிச் சென்று, காட்டிய இடத்தை எழுத்தில் குறித்துக்கொள்க. உரிமம் பெற்ற நில அளவையாளரின் கட்டணம் ஒருவர்க்குப் பாரமாயின், அடுத்தடுத்த ஐந்து காணிக்காரர் சேர்ந்து ஒருவரையே அமர்த்தலாம். அவர் நட்ட கல்லைச் சுற்றி ஆண்டுக்கொருமுறை புல் செதுக்கி வைக்கவும். பொது அதிகாரி நட்ட எல்லைக்குறியை அகற்றுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்கவும். அம்மி கொத்த நல்ல கல் என்று தூக்கி வருவோர் நம்மிலும் உண்டு.

அரசினர்க்கு நாம் கூறுவது ஒன்றே. அடுத்த பத்திர விழாவுக்குப் பந்தல் போடுமுன், அந்நிலங்களுக்கு நில அளவையாளரையும் நான்கு நான்கு கற்களையும் அனுப்புங்கள். பெறுபவர் குடும்பத்தோடு அங்கு நிற்கட்டும். மூலைகளைக் காட்டி, ஆள்கூறு எழுதிய தமிழ் வரைபடத்தை அவ்விடத்திலேயே கொடுங்கள். மாலையும் படமும் அதன்பின் ஆகட்டும்.