எலிக்குக் கிடைச்ச மருந்து

என் தம்பிக்குப் பன்னிரண்டு வயசுல ஆரம்பிச்ச வலிப்பு, முப்பது தாண்டியும் விடலை. மூணு மாத்திரை மாத்திப் பார்த்தாச்சு. அதனால "வலிப்புக்குப் புது மருந்து, எலிகளிடம் வெற்றி" என்று எங்கே செய்தி வந்தாலும் சித்தப்பா உடனே எனக்கு அனுப்பிடுவார். போன வாரமும் ஒண்ணு வந்தது. இந்தப் பதிவு அதுக்குத்தான்.

நியூரோபெப்டைடு என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் குட்டிப் புரதத் துண்டு. அதில் ஒன்று நியூரோபெப்டைடு ஒய். 1982-ல் சுவீடனில் டாட்டெமோட்டோவும் மூட்டும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தது. மொத்தமே 36 அமினோ அமிலங்கள். இதை மூளையில் செலுத்தினால் எலி தின்னு தீர்க்கும். சரி, இது இல்லாமலே ஒரு எலி பிறந்தால் நோஞ்சானா இருக்கணுமே? 1996-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பால்மிட்டர் குழு அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தது. எலிகள் பாட்டுக்கு வழக்கம்போல சாப்பிட்டன. ஆனால் சிலதுக்கு வலிப்பு வந்தது! தேடினது ஒண்ணு, கிடைச்சது ஒண்ணு.

1997-ல் அந்த எலிகளுக்குக் கைனிக் அமிலம் கொடுத்தார்கள். (கடல்பாசியில் கிடைப்பது. ஜப்பானில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாம், பாருங்க!) பெப்டைடு இல்லாத எலிகளில் 93 சதவீதம் வலிப்பு நிற்காமலே செத்துப்போயின. சாதாரண எலிகள் சாவது அபூர்வம். முன்கூட்டியே பெப்டைடை மூளைக்குள் செலுத்தியபோது இல்லாதவையும் பிழைத்தன.

அந்த 93-ஐ வெறும் எண்ணாக என்னால் படிக்க முடியலை. தம்பி தரையில் கிடந்து துடிக்கிறதைப் பார்த்த கண் இது. அதே துடிப்பைத்தான் வேணும்னே உண்டாக்குகிறார்கள். ஆனாலும் இது கூடாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. கண்ணாடித் தட்டில் வளர்க்கிற செல்லுக்கு வலிப்பு வராது. அது முழு மூளையும் சேர்ந்து போடுற ஆட்டம். கம்ப்யூட்டர்ல பண்ணலாமேன்னு சொல்றவங்க, தெரியாத ஒண்ணை அதுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பாங்களாம்?

என் கோபம் விஞ்ஞானிங்க மேல இல்லை, தலைப்பு போடுறவங்க மேல. 1996-லிருந்து இன்னிக்கு வரைக்கும் இது மாத்திரையா மருந்துக்கடைக்கு வரலை. ஏன்? விழுங்கினா வயிறு செரிச்சிடும். ரத்தத்தில் ஏத்தினாலும் மூளைக்குள்ள சரியாப் போகாது. மூளை பூரா போனா, பசி வேற கிளம்பிடும். அதனாலதான் 2004-ல் வைரஸ் மூலமா அந்த மரபணுவை எலியின் ஹிப்போகாம்பஸில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். வலிப்பு குறைந்தது, எலிக்கு. ஒரே ஊசியில் வலிப்பு வரவழைத்த எலியும், இருபது வருஷமா வலிப்போடு வாழ்ற மனுஷனும் ஒண்ணா?

இன்னொரு வேடிக்கை. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்புக்கு இன்னிக்கும் போடுற ஏ.சி.டி.எச். ஊசியும் ஒரு பெப்டைடுதான். அது பலன் தருவதை 1958-ல் எழுதினார்கள். கண்டது எலியிடம் இல்லை, குழந்தைகளிடமே!

இதையெல்லாம் போனில் சித்தப்பாகிட்ட பொறுமையா விளக்கினேன். முழுசா கேட்டுட்டு, "அப்ப மாத்திரை எப்ப வரும்?"னார். தம்பி பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தான். "இருங்க சித்தப்பா, சிக்னல் சரியில்லை"ன்னு வெச்சுட்டேன்.

டிஸ்கி: யாருக்காவது வலிப்பு வந்தா கையில் சாவிக்கொத்து திணிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, நேரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்.