அம்மன் கோவிலில் ஒலிக்கும் குரல், ஆடவும் வைத்த குரல்!

தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, அம்மன் திருவிழா வந்துவிட்டது என்று ஊருக்கு முதலில் சொல்வது எது? குழாய் ஒலிபெருக்கிதான்! பொழுது விடியும் முன்பே அதிலிருந்து ஒரு பெண் குரல் கணீர் என்று கிளம்பும். அது எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல்.

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குப் போகும் தாய்மார்களுக்கும் அது பழகிய குரல்தான். அந்தக் குரலைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். ஆனால் அதே குரல் சினிமாவில் நடன விடுதிப் பாட்டுப் பாடியபோது, "இது வீட்டில் வைத்துக் கேட்கிற பாட்டா?" என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இது என்ன நியாயம்?

கோரஸ் பாடிய சிறுமி

ஈஸ்வரி 1939-ல் சென்னையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. தாயார் ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடுகிறவர். தாயுடன் போன மகளும் கோரஸ் பாடினாள். 1958-ல் "நல்ல இடத்து சம்பந்தம்" படத்தில் தனியாகப் பாடும் வாய்ப்பை இசை அமைப்பாளர் கே.வி.மகாதேவன் கொடுத்தார். ஏற்கனவே எம்.எஸ்.ராஜேஸ்வரி பிரபலமாக இருந்ததால், இவர் பெயர் எல்.ஆர்.ஈஸ்வரி ஆயிற்று.

1961-ல் வந்த "பாசமலர்" அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. மணப்பெண்ணைத் தோழிகள் அழைக்கும் அந்தப் பாட்டு இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. மங்களமான பாட்டு!

அதன் பிறகுதான் சினிமா ஒரு எழுதாத சட்டம் போட்டது. கதாநாயகி கண்ணீர் விட்டால் பி.சுசீலா. ஆட்டக்காரி கண் சிமிட்டினால் ஈஸ்வரி. சட்டம் போட்டவர்கள் பாடகிகள் அல்ல. கெட்ட பெயர் மட்டும் பாடியவருக்கு!

மறந்துபோன இசைத்தட்டு

அவருடைய ஆட்டப் பாட்டு என்றதும் 1968-ல் வந்த "பணமா பாசமா" படத்தின் எலந்தப் பழப் பாட்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நல்ல பாட்டுதான். ஆனால் நான் எடுத்து வைக்கும் இசைத்தட்டு வேறு. 1964-ல் வந்த "கறுப்புப் பணம்" படத்தின் "ஆடவரெலாம் ஆட வரலாம்". விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. பாட்டு எழுதிய கண்ணதாசன் அந்தப் படத்தில் நடித்தும் இருந்தார்.

ஆடவர் என்றால் ஆண்கள். ஆட வரலாம் என்றால் ஆடுவதற்கு வரலாம். ஒரே ஒலியை இரண்டாக உடைத்துக் கவிஞர் விளையாடுகிறார். பாடுகிறவர் தப்பான இடத்தில் மூச்சு விட்டால் விளையாட்டு கெட்டுவிடும். மேல்நாட்டுத் தாளம் பின்னால் விரட்டிக்கொண்டு வருகிறது. ஈஸ்வரி அதற்கு மசியவில்லை. ஒவ்வொரு சொல்லும் உடைய வேண்டிய இடத்தில் உடைகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்குக்கூட வார்த்தை புரியும். இது சாமானிய வித்தையா? காட்சியை மறந்துவிட்டு, கண்ணை மூடிக் குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள். வெட்கமும் இல்லை, விரசமும் இல்லை. ஒரு பெண் தைரியமாகச் சபையைக் கூப்பிடுகிறாள். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அரேதா பிராங்ளின் என்ற கறுப்பினப் பாடகி இருந்தார். சிறுமியாக இருந்தபோது தந்தையின் மாதா கோவிலில் பாடியவர். 1967-ல் "ரெஸ்பெக்ட்" என்ற பாட்டால் நாட்டையே ஆட வைத்தார். "சோல்" இசை என்று அதற்குப் பெயர். சோல் என்றால் ஆன்மா. 1972-ல் மறுபடி மாதா கோவிலில் பாடி இசைத்தட்டு வெளியிட்டார். அவரை "ராணி" என்றே அந்த நாடு கொண்டாடியது. 2009-ல் ஒபாமா ஜனாதிபதியாகப் பதவி ஏற்ற விழாவில் பாட அவரை அழைத்தார்கள்.

நம் ஈஸ்வரி போன பாதை இதற்கு நேர் எதிர். முதலில் ஆட்டக் கூடம், பிறகு அம்மன் கோவில். மாரியம்மனைப் பாடியவர் எந்த மதத்தில் பிறந்தவர் என்று நம் கிராமங்கள் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மனசு, அந்த ஆட்டப் பாட்டிடம் மட்டும் ஏன் சுருங்க வேண்டும்?

இதே பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா, 1976-ல் "அன்னக்கிளி" மூலம் சினிமா சங்கீதத்தையே மாற்றினார். புதிய குரல்கள் வந்தன. ஈஸ்வரிக்குப் பட வாய்ப்புகள் குறைந்தன. அம்மன் பாட்டுகள் குறையவில்லை. அடுத்த முறை ஊரில் இன்னிசைக் கச்சேரி நடந்தால், மேடைக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பி "கறுப்புப் பணம்" பாட்டைக் கேளுங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்தே கேட்கலாம்.

2011-ல் "ஒஸ்தி" படத்துக்காக டி.ராஜேந்தருடன் சேர்ந்து ஒரு ஆட்டப் பாட்டுப் பாடினார் ஈஸ்வரி. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள்!