பாம்புக் குட்டிக்கு எந்த அளவு எலி?



திரியாய், குச்சவெளி, புல்மோட்டைப் பக்கத்து உறவுகளுக்கு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒருக்கா முழுசா வாசியுங்கள்.

பெரும்போக அறுவடை தொடங்கினால் வகுப்பறைக்கு வருகிற கேள்விகள் பாடப்புத்தகத்தில் இருப்பதில்லை. "சேர், வெங்கணாந்திக் குட்டிக்கு எவ்வளவு பெரிய எலி குடுக்கலாம்?" என்பது அதில் ஒன்று. வெட்டு மெஷினுக்கு முன்னால் ஓடி வந்த குட்டியைப் பிடித்து, பழைய பேசினுக்குள் போட்டு, மேலே பலகை வைத்து மூடி, யூடியூப்பில் வெளிநாட்டுக்காரர் பாம்பு வளர்க்கிற வீடியோவைப் பார்க்கிற பிள்ளைகள் நம் மத்தியில் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் பெரியவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, பிள்ளையை அடிக்கிறோம். இல்லையென்றால் பாம்பை அடிக்கிறோம். இரண்டும் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லுவோம். பதில் முழுசாகத் தெரிந்தால், பாம்பை வைத்திருக்க வேண்டாம் என்று பிள்ளையே சொல்லும்.

சரி, பதில் இதுதான்.

பாம்பு மென்று தின்பதில்லை, முழுசாக விழுங்கும். அதன் கீழ்த்தாடையின் இரண்டு பக்கமும் முன்னால் எலும்பாக ஒட்டியிருப்பதில்லை. இழுபடக்கூடிய தசைநார்தான் இரண்டையும் பிடித்திருக்கிறது. அதனால் தலையை விடப் பெரிய இரையும் உள்ளே போகும். ஆகவே தலையைப் பார்த்து அளவு எடுக்கக் கூடாது, உடம்பைப் பார்க்க வேண்டும். பாம்பின் உடம்பில் ஆகத் தடித்த இடம் எவ்வளவோ, இரையின் தடிப்பும் ஏறத்தாழ அவ்வளவு இருக்கலாம். விழுங்கிய பிறகு வயிற்றில் சின்ன மேடு தெரிந்தால் போதும். நிறையில் சொன்னால், வளர்கிற குட்டிக்குத் தன் நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவு. 150 கிராம் குட்டிக்கு 15 கிராம் சுண்டெலி. அரைக்கிலோ அகழானை அதற்கு முன்னால் போடுவது, எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னால் முழு ஆட்டை வைப்பது மாதிரி.

இரை அளவுக்கு மீறினால் பாம்பு கக்கிவிடும். கக்குவது அதற்குச் சின்ன விஷயமில்லை, உடம்பு பலவீனப்பட்டு அடுத்த இரையையும் மறுக்கும். சின்னதாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் வளர்ச்சி நின்றுவிடும். அடிக்கடி கொடுத்தால் கொழுத்துவிடும். குட்டிக்குக் கிழமைக்கு ஒரு தரம் போதும், வளர வளர இரை பெருக்கும், இடைவெளியும் கூடும். தோல் கழற்றுகிற நாட்களில் அனேகமாகத் தொடவே தொடாது.

விழுங்குவதோடும் வேலை முடியவில்லை. பர்மிய மலைப்பாம்பைப் பற்றி 2005இல் வந்த ஆய்வொன்று, இரை எடுத்த 48 மணித்தியாலத்துக்குள் அதன் இதயத்தசை 40 வீதம் பெருக்கிறது என்று காட்டியது. ஒரு சாப்பாட்டைச் சமிக்க உடம்பே மாறுகிறது. அதற்குச் சூடு வேண்டும், மறைவு வேண்டும், தொந்தரவில்லாத நாட்கள் வேண்டும். பேசினுக்குள்ளே, பத்துப் பேர் வந்து தொட்டுப் பார்க்கிற இடத்தில் அது நடக்குமா?

வெளிநாட்டு வீடியோக்களில் கொடுப்பது இதற்கென்றே வளர்த்து, ஐஸில் உறைய வைத்து, பிறகு இளக வைத்த எலி. நம்மூரில் பிடிபடுவது வயல் எலி. அது எங்கே மருந்து தின்றது என்று யாருக்கும் தெரியாது. அந்த நஞ்சு பாம்புக்கும் போகும். உயிரோடு போட்டால், பசிக்காத பாம்பை எலி திருப்பிக் கடிக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. வெங்கணாந்திக் குட்டி என்று தூக்குவது கண்ணாடி விரியன் குட்டியாக இருக்கலாம். நம்மவர்கள் புடையன் என்பதும் அதைத்தான். தடித்த உடம்பு, கபில நிறம், பெரிய புள்ளிகள் என்று இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். விரியன் பிறக்கும்போதே விஷத்தோடு பிறக்கிறது. ரோச் வெளிச்சத்தில் வித்தியாசம் பார்க்கிற வயது பிள்ளைகளுக்கு இல்லை, நமக்கும் அந்தத் தைரியம் வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. வெங்கணாந்தி, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிர். அனுமதியில்லாமல் பிடித்து வைத்திருப்பது குற்றம்.

சட்டத்துக்கு முன்னாலேயே நமக்குச் சொல்லித் தரப்பட்ட ஒன்றும் உண்டு. பூனையை அடைத்து வைத்து, தானும் உணவு கொடுக்காமல், நிலத்தில் உள்ளதைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் வீடுகளில் தெரியாதது இல்லை. நாங்கள் அதில் கவனிப்பது இரண்டாவது பகுதியை. தேடித் தின்ன விடாததும் அங்கே குற்றமாகச் சொல்லப்படுகிறது. வயலில் இருக்கிற பாம்பு தன் இரையைத் தானே தெரிவு செய்கிறது. குட்டியில் தவளை, சுண்டெலி. வளர்ந்த பிறகு பெரிய எலி, முயல். மிஞ்சினதை விட்டுவிடும். பேசினுக்குள் போட்ட நிமிடம் அந்தத் தெரிவு நம் கைக்கு வருகிறது. பொறுப்பும் நம் தலைக்கு வருகிறது.

பாம்பு வயலில் இருப்பதால் நட்டமும் நமக்கில்லை. நெல்லைத் தின்பதும், வரம்பைத் துளைப்பதும், மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரப்புவதும் எலி. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். சேற்றில் வெறுங்காலோடு நிற்கிற நம் விவசாயிகளுக்கும் அதே ஆபத்துத்தான். சாரையும் வெங்கணாந்தியும் கூலி கேட்காமல் எலி பிடிக்கின்றன.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது மூன்று விஷயம். பாம்பைப் பற்றிக் கேட்கிற பிள்ளையை ஏசாதீர்கள், ஏசினால் அடுத்த தரம் சொல்லாமல் பிடிக்கும். வீட்டில் பாம்பு அடைபட்டிருந்தால் நீங்களே கையை விடாமல், வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். அறுவடை நேரம் வயலில் கண்டால் ஒதுங்கி நின்று போக விடுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப்போட்டு, கீறி, நேரம் கடத்தாமல் 1990க்கு அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எந்த அளவு எலி என்று கேட்ட பிள்ளை கெட்ட பிள்ளையில்லை. ஒரு உயிருக்கு எவ்வளவு தேவை என்று யோசித்த பிள்ளை அது. அந்த யோசனையை வளர்த்து விடுவோம். பாம்பை வயலே வளர்க்கட்டும்.