கரணையால் அப்பிய நகரம்



ஜனவரி என்றால் நமக்குப் பொங்கலும் புத்தகக் காட்சியும். பெங்களூருக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு: சித்ர சந்தே. கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் இந்த ஒருநாள் ஓவியச் சந்தையில், குமாரகிருபா சாலை நெடுக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் வருவதால் தமிழிலேயே பேரம் பேசலாம்.

புத்தரும் பிள்ளையாரும் அங்கே ஏராளம். அவர்களைக் கும்பிட்டுக் கடந்து, நகரக் கட்டடங்களைத் தீட்டிய படங்களின் முன் நில்லுங்கள். குறிப்பாக, வண்ணத்தைத் தூரிகையால் தடவாமல் கத்தியால் அப்பிய படங்கள். கழுத்து வளைந்த அந்தச் சிறு கத்தி கொத்தனாரின் கரணையேதான். குழைப்பது, அப்புவது, இழுப்பது, வழித்தெடுப்பது என்று வேலையும் அதேதான். சுவரின் சொரசொரப்பை இங்கே யாரும் வரைவதில்லை. வண்ணமே சுவராக நிற்கிறது. எண்ணெய் வண்ணத்தை இப்படித் தடிமனாகப் பூசினால் மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே ஈரம் மாதக்கணக்கில் இருக்கும். காற்றின் ஆக்ஸிஜனை உள்ளிழுத்துத்தான் அந்த எண்ணெய் இறுக வேண்டும். அக்ரிலிக்கில் அந்தக் காத்திருப்பு இல்லை.

நகரத்தைத் தீட்டிய இரண்டு ஓவியர்களைச் சொல்கிறேன். 1924இல் கோவாவில் பிறந்த எஃப்.என். சூசா, 1949இல் லண்டன் போனார். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த ஊர். தடித்த கறுப்புக் கோடுகளுக்குள் கோபுரங்கள் சாய, வீடுகள் ஒன்றையொன்று நெருக்க, அவர் தீட்டிய நகரங்களில் நிம்மதி கிடையாது. இடிபாடுகளில் புதுக் கட்டடம் எழும்பிய குழிகளை அதே ஊரில் ஃபிராங்க் ஆவர்பாக், வண்ணம் மேடுதட்டும் அளவுக்குப் பூசிப் பூசித் தீட்டினார். தோண்டிப் போட்ட நகரத்துக்கு மெல்லிய பூச்சு பொருந்தாது என்பது என் கட்சி. மெட்ரோவுக்காக ஆண்டுக்கணக்கில் தோண்டப்படும் பெங்களூரு மட்டும் விதிவிலக்கா?

ஆனால் சந்தையில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவும் சிவப்பு உயர் நீதிமன்றமும்தான். 1868இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தின் ஒப்பந்ததாரர், ஆற்காடு நாராயணசாமி முதலியார். அழகான கட்டடம், மறுக்கவில்லை. ஆனாலும் பாதியில் நிற்கும் மேம்பாலத்தையும், தண்ணீர் லாரி காத்திருக்கும் அடுக்ககத்தையும் யாராவது அப்பித் தரமாட்டார்களா?

இத்தகைய படத்தை இதழின் அட்டையில் போட எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அச்சு மை மேடு பள்ளத்தையெல்லாம் தட்டையாக்கிவிடும். செல்போன் திரையிலும் அதே கதி. ஆகவே நேரில் போங்கள். படத்துக்கு எதிரே மட்டும் நிற்காமல், வெயில் சாய்வாக விழும் காலையில் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். கை துறுதுறுக்கும்; ஓவியரைக் கேட்காமல் தொடாதீர்கள். சந்தை நாளைத் தவறவிட்டால், அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீன கலைக்கூடம் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை.

போய் வந்து எழுதுங்கள். படம் வாங்கினால், பேரம் பேசிய கதையையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்